தொட்டாச்சிணுங்கி முளைத்த கூடைகள்

மஞ்சக்குட்டை கிராமத்தில் வீட்டுக்குப் பின்னால் பச்சை வலைப் பந்தல் போட்டுக் கனகா ஆர்க்கிட் பூச்செடிகள் வளர்த்து வந்தாள். பலகை மேல் நீள வரிசையாகக் கூடைகள். வரிசைக்கு நடுவே, பாதியாக அறுத்த டிரம்மில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த புலி ஆர்க்கிட். அது பூத்ததே இல்லை. இந்த வருஷம்தான் அடியிலிருந்து தடியான ஒரு பூந்தண்டு கிளம்பியிருந்தது.

கூடவே வேறொன்றும் வந்தது. மண்ணே இல்லாத தேங்காய் மட்டைத் துண்டுகளுக்கு நடுவே, எல்லாக் கூடைகளிலும் தொட்டாச்சிணுங்கி முளைத்தது.

"மட்டையோட வெதை வந்திருக்கும் அம்மிணி. பொறவு புடுங்கிக்கலாம்" என்றாள், செம்மநத்தத்திலிருந்து வேலைக்கு வரும் முத்தாயி.

ஒரு மத்தியானம் கனகா புலி ஆர்க்கிட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். வாசல் பக்கத்துக் கூடையில் இலைகள் மூடிக்கொண்டன. அடுத்த கூடையிலும் மூடின. பிறகு அதற்கடுத்ததில். கூடைகளின் மேல் விரல்களை ஓட்டியபடி யாரோ நடந்து வருவது போல இருந்தது. வலை அசையவில்லை. பந்தலுக்குள் அவளைத் தவிர யாரும் இல்லை. அவளுக்குப் பக்கத்துக் கூடை வரை வந்து நின்றது. பூந்தண்டு மட்டும் மெல்லத் தாழ்ந்தது. யாரோ முகர்ந்து பார்த்துவிட்டுக் கையை எடுத்ததுபோல் மறுபடி நிமிர்ந்தது.

அவள் சொன்னதைக் கேட்டுக் கணவன் பாலகுமார் சிரித்தான். "தண்ணி பட்டிருக்கும் கனகா."

மறுநாள் அவனே போய் உட்கார்ந்து பார்த்தான். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "நொம்ப நாள் விட்டுட்டோம். எல்லாத்தையும் புடுங்கி எரிச்சுரு" என்றான். முத்தாயி தொட்டாச்சிணுங்கியை ஒன்று விடாமல் பிடுங்கி எரித்தாள்.

கூடைகள் சுத்தமாயின. ஆனால் கனகாவால் உள்ளே வேலை செய்ய முடியவில்லை. முன்பு அது எங்கே நிற்கிறது என்றாவது தெரிந்தது. இப்போது குனிந்தால் பிடரி சிலிர்த்தது. ஓர் அடி பின்னால் வைக்கவும் பயமாக இருந்தது, யார் மேலாவது இடித்துவிடுவோமோ என்று. மொட்டு கட்டிய செடியைக் காயப்போடவும் மனம் வரவில்லை.

"முத்தாயிக்கா, இனிமே முளைச்சா புடுங்காதீங்க."

"ஆகட்டும் அம்மிணி" என்றாள் முத்தாயி. அதற்குப் பிறகு அவள் பந்தலுக்கு வெளியே இருக்கும் வேலைகளை மட்டுமே செய்தாள்.

தொட்டாச்சிணுங்கி மறுபடி முளைத்துக் கூடைகளை நிறைத்தது. புலி ஆர்க்கிட்டும் பூத்தது. மஞ்சள் இதழ்களில் காப்பிக் கொட்டை நிறத்தில் திட்டுத் திட்டாகப் புள்ளிகள். பார்த்ததும் கனகாவுக்குக் கண் கலங்கியது. பூவாளியோடு கிட்டே போனவள் நின்றாள். செடிக்கு முன்னால் இருந்த கூடையில் இலைகள் மூடிக் கிடந்தன. அது அவளுக்கு முன்பே வந்துவிட்டது.

ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

"ஏனுங்க, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"

வாசலுக்கு வெளியே இருந்து பாலகுமாரின் குரல் கேட்டது. "நான் உள்ளயே வரலியே கனகா."

செடிக்கு அந்தப் பக்கத்துக் கூடையில் இலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. கனகா காலியான இடத்தில் போய் நின்று தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள்.