காலை ஆறு முதல் எட்டு வரை

தோணிப்பாறை ஜங்ஷனில் சாலையைக் கடக்கிறவர்களை எண்ணும் வேலை கிடைத்தபோது, ஜெஸ்னா சிவில் டிப்ளமா முடித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இரண்டு நாள் வேலைதான். இருந்தாலும் படிப்புக்குச் சம்பந்தமாக வந்த முதல் வேலை. ஏலக்காய்த் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் காய் எடுத்த அவள் அம்மா புஷ்பமேரி, தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்த எல்லா வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

தோணிப்பாறை அப்போது வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. கம்பத்திலிருந்து மலையேறி வண்டன்மேட்டுப் பக்கம் போகிற சாலையில், பத்து வருடத்துக்கு முன்பு நாலு கடையும் ஒரு பெட்ரோல் பங்கும்தான் இருந்தன. இப்போது இரண்டு ஆஸ்பத்திரி, மூன்று மாடி ஜவுளிக்கடை, மலையைச் சுற்றி ரிசார்ட்டுகள். சாலையின் இருபுறமும் கார்கள் நிற்க, ஜனங்கள் நடுச்சாலையில் நடந்தார்கள். பஞ்சாயத்து ஜங்ஷனையே மாற்றிக் கட்ட முடிவு செய்தது. சாலையை அகலப்படுத்தி, இரண்டு பக்கமும் ஓடு பதித்த நடைபாதை போட்டு, நடுவில் ஒரு கிலோமீட்டருக்கு இரும்புத் தடுப்பு வைப்பது திட்டம். எர்ணாகுளத்துக் கம்பெனி ஒன்று வரைபடம் போடும் பொறுப்பை எடுத்தது. தடுப்பில் எங்கெங்கே வழி விடுவது என்று தீர்மானிக்கத்தான் இந்த எண்ணிக்கை.

ஜெஸ்னாவுக்குக் கொடுத்த இடம் பெட்ரோல் பங்கை ஒட்டிய பங்கு வளைவு. காலை ஆறு முதல் பத்து வரை, மாலை நாலு முதல் எட்டு வரை அங்கே நிற்க வேண்டும். கால் மணிக்கு ஒரு வரி. எத்தனை பேர் சாலையைக் கடந்தார்கள் என்று எழுத வேண்டும்.

லயத்திலிருந்து வருகிற முதல் பஸ் தோணிப்பாறைக்கு ஏழு ஐம்பதுக்குத்தான் வரும். அதைச் சொன்னால் வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று பயந்து ஜெஸ்னா சொல்லவில்லை. முதல் நாள் மழைச்சாரலில் இறங்கி, பங்கின் ஓரத்தில் குடைக்குக் கீழே நின்று, ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரைக்குமான எட்டு வரிகளையும் ஐந்து நிமிடத்தில் நிரப்பினாள். மூன்று, நாலு, இரண்டு, ஐந்து, நாலு, ஆறு, மூன்று, நாலு. மொத்தம் முப்பத்தொன்று.

அந்த நேரத்தில் கம்பத்திலிருந்து ஜீப்புகளில் தோட்டவேலைக்குப் பெண்கள் வந்து இறங்குவார்கள் என்று அவளுக்குத் தெரியும். தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டித் தினமும் கேரளாவுக்கு வருகிறவர்கள். பங்குக்கு எதிரே இறங்கி, சாலையைக் கடந்து, பங்கை ஒட்டிய குறுக்குவழியில் தோட்டங்களுக்கு இறங்குவார்கள். சாயங்காலம் திரும்பும் ஜீப் பங்குப் பக்கமே நிற்கும் என்பதால் அப்போது கடக்க வேண்டியதில்லை. காலையில் மட்டும்தான். இதெல்லாம் தெரிந்தும் அவள் சின்ன எண்களை எழுதினாள். பெரிய எண் எழுதினால் யாராவது வந்து சரிபார்ப்பார்கள். நாலும் ஐந்தும் யாருக்கும் உறுத்தாது. மறுநாளும் எட்டு மணிக்கு வந்து, முதல் நாள் எண்களை அங்கங்கே கொஞ்சம் குறைத்து எழுதிக் கொடுத்தாள்.

கம்பெனியின் இன்ஜினியர் ஆனந்தகுமார் கேரளாவில் இருக்கும் சித்தூர்ப் பக்கத்துக்காரர். கொங்குத் தமிழ் பேசுவார், யாரிடமும் அதட்டிப் பேச மாட்டார். எண்ணிக்கைக்கு வந்த ஆறு பேரின் தாள்களில் ஜெஸ்னாவுடையதுதான் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது என்று பாராட்டினார். அடுத்த மாதமே தோணிப்பாறையில் திறந்த சைட் ஆபீசில் அவளை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

மணிக்கு நூறு பேராவது கடக்கும் இடத்தில் மட்டும் தடுப்பில் வழி விடுவது என்று வரைபடத்தில் முடிவானது. பஸ் ஸ்டாண்டிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் வழி வந்தது. பங்கு வளைவில் வரவில்லை. அந்த வரைபடத்தை ஜெஸ்னா பலமுறை பிரிண்ட் எடுத்திருக்கிறாள். பங்கு வளைவு வருகிற தாளை மட்டும் பார்க்காமல் மடித்துவிடுவாள்.

வேலை முடிந்து திறப்பு விழா நடந்தது. பூந்தொட்டிகளும் புது விளக்குகளுமாக ஜங்ஷன் அழகாகத்தான் இருந்தது. சக்கர நாற்காலியில் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை யாருடைய உதவியும் இல்லாமல் போனதை எல்லோரும் செல்போனில் படம் எடுத்தார்கள். இது எம் மக பாத்த வேலை என்று புஷ்பமேரி பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னாள். ஜெஸ்னா அவள் கையைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

ஜீப்பில் வந்த பெண்கள் முதல் வாரம் ஆஸ்பத்திரி வாசல் வரை நடந்து சுற்றி வந்தார்கள். கால் மணி நேரம் போயிற்று. பேர் போடும் நேரத்துக்குத் தோட்டத்தில் நிற்காவிட்டால் கங்காணி அரை நாள் கூலியை வெட்டிவிடுவார். இரண்டாவது வாரத்திலிருந்து, ஒருத்தி தூக்குவாளியைப் பிடித்துக்கொள்ள இன்னொருத்தி என்று, தடுப்பின் மேல் ஏறிக் குதிக்க ஆரம்பித்தார்கள்.

ஜூன் மாதம் மழை தொடங்கிய நாலாம் நாள், கூடலூரைச் சேர்ந்த மாரித்தாய் அப்படி ஏறினாள். ஐம்பது வயது தாண்டியவள். ஈரக்கம்பியில் கால் வழுக்கி அந்தப் பக்கம் விழுந்தாள். வளைவில் வந்த பிக்கப் வண்டி பிரேக் போட்டும் நிற்கவில்லை. சக்கரம் அவள் இடது பாதத்தில் ஏறியது. தேனி ஆஸ்பத்திரியில் பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள்.

பெண்கள் சேர்ந்து பஞ்சாயத்துக்கு மனு கொடுத்தார்கள், வளைவில் வழி விடச் சொல்லி. பஞ்சாயத்து கம்பெனியிடம் விளக்கம் கேட்டது. ஆனந்தகுமார் பதிலைச் சொல்லச் சொல்ல ஜெஸ்னா மலையாளத்தில் டைப் செய்தாள். கணக்கெடுப்பின்படி காலை ஆறு முதல் எட்டு வரை பங்கு வளைவில் சாலையைக் கடப்பவர்கள் அதிகபட்சம் முப்பத்தொரு பேர். ஆகவே அங்கே வழி தேவைப்படவில்லை. விபத்துக்குக் காரணம் சம்பந்தப்பட்டவர் தடுப்பை மீறி ஏறியது. முப்பத்தொன்று என்ற எண்ணை அடிக்கும்போது அவள் விரல் நிற்கவில்லை. அதுதான் பிற்பாடு அவளை அதிகம் வதைத்தது. கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து, கையெழுத்து வாங்கி, உறையில் போட்டு, தானே நடந்துபோய்ப் பஞ்சாயத்தில் கொடுத்துவிட்டு வந்தாள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தவள் அப்படியே மூடி வைத்தாள்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு, சம்பளத்தில் தவணைக்கு வாங்கிய ஸ்கூட்டரில் வந்து பங்கு வளைவில் நின்றாள். யாரும் சொல்லவில்லை. கையில் பழைய மாதிரித் தாள் ஒன்று. ஆறு இருபதுக்கு முதல் ஜீப் வந்தது. ஏழரை வரைக்கும் ஜீப்புகள் வந்தபடி இருந்தன. விபத்துக்குப் பிறகு பாதிப் பேர் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். மீதிப் பேர் இன்னும் ஏறித்தான் குதித்தார்கள். இரண்டு கூட்டத்தையும் எண்ணினாள். எட்டு மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டு.

தாளை ஆனந்தகுமாரின் மேஜையில் வைத்து, இரண்டு நாளும் தான் எட்டு மணிக்குத்தான் வந்ததையும், எட்டு வரிகளையும் தானாக எழுதியதையும் சொன்னாள். அவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை வேற யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"சொல்ல வேண்டாமுங்க. நானும் ஒரு நா காலைல வந்து நின்னு பாத்திருக்கோணும். பாக்கல."

வழி அவரே சொன்னார். பழைய எண்ணிக்கை தப்பு என்று ஒத்துக்கொண்டால் மொத்த வரைபடமும் கேள்விக்கு வரும். அதைத் தொட வேண்டாம். இப்போது எடுத்ததைக் கூடுதல் ஆய்வு என்று கொடுத்து வளைவில் வழி வாங்கிவிடலாம். பெண்களுக்கு வேண்டியது வழிதானே என்றார். ஜெஸ்னா தலையாட்டினாள். அந்த நேரத்தில் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மூன்று வாரத்தில் தடுப்பை அறுத்து வழி விட்டார்கள். வெள்ளைக்கோடு போட்டு, ஒரு மஞ்சள் விளக்கும் வைத்தார்கள். விடியற்காலையில் வந்து நின்று எண்ணிய பொண்ணால்தான் இது நடந்தது என்று பெண்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ராமலட்சுமி என்பவள் நாலைந்து பேரோடு ஆபீசுக்கு வந்து, ஒரு பை நிறையப் பன்னீர் திராட்சை கொடுத்தாள். எங்களையும் ஆளா நினைச்சு எண்ணுனியே தாயி என்று கன்னத்தைத் தொட்டாள். மாரித்தாய் எப்படி இருக்கிறாள் என்று ஜெஸ்னா கேட்டாள். தப்பு அவள்மேல்தான் என்று போலீசில் எழுதியிருப்பதாகவும், பஞ்சாயத்துக்கு வந்த கடிதத்தைக் காட்டிப் பிக்கப் வண்டியின் இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டதாகவும் ராமலட்சுமி சொன்னாள்.

அவர்கள் போன பிறகு ஜெஸ்னா பையை மேஜைக்கடியில் தள்ளி வைத்தாள். இரண்டு நாளில் பழம் கசிந்து எறும்பு மொய்த்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, கம்பம் பஸ் பிடித்து மலையிறங்கினாள். மாரித்தாயின் வீடு கூடலூரில் ஓடைக்கரைத் தெருவில் இருந்தது. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, முறத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வழி வாங்கிக் கொடுத்த பிள்ளை என்று நினைத்து மகளைக் கூப்பிட்டுக் காப்பி போடச் சொன்னாள்.

"அக்கா, காப்பி வேண்டாம். நான் சொல்றத மொதல்ல கேளுங்க," என்றாள் ஜெஸ்னா.

மழை, பஸ், எட்டு வரி, சின்ன எண்கள், கடிதம் எல்லாவற்றையும் சொன்னாள். கடிதத்தை டைப் செய்ததும் தான்தான் என்றாள். மாரித்தாய் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. கடைசியில் கேட்டாள்.

"முப்பத்தொண்ணுன்னு எழுதுனியே, அதுல நான் உண்டா?"

"யாரும் இல்லக்கா. யாரையும் பாக்காமத்தான் எழுதுனேன்."

மாரித்தாய் முறத்தைக் கீழே வைத்தாள். "அழாத. நீ அழுதா நான் ஒன்னையத் தேத்தணும். எனக்கு அதுக்குச் சத்து இல்ல. எந்திரிச்சுப் போ."

திங்கட்கிழமை ஜெஸ்னா நடந்ததை மலையாளத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியைப் பஞ்சாயத்துச் செயலாளரிடமும் இன்னொன்றைக் கம்பெனியிலும் கொடுத்தாள். மூன்றாவதைப் பதிவுத் தபாலில் மாரித்தாய்க்கு அனுப்பினாள். ஆனந்தகுமார் படித்துவிட்டு, ஆபீஸ் சாவியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அடுத்த மாதம் அவரையும் வேறு சைட்டுக்கு மாற்றினார்கள் என்று கேள்விப்பட்டாள். புஷ்பமேரி ஒரு வாரம் மகளிடம் பேசவில்லை. பிறகு, வேலை போனதைப் பற்றி ஒன்றும் கேட்காமல், எனக்குத் தெரிஞ்சவளுக எத்தனை பேரு அந்த ஜீப்புல வாராளுக என்று மட்டும் சொன்னாள்.

இப்போது ஜெஸ்னா ஒரு ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிறாள். மாரித்தாய் நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கு நடக்கிறது. எப்போது முடியும் என்று வக்கீலுக்கே தெரியாது.

போன மாதம் மாரித்தாயிடமிருந்து ஆள் வந்தது. தபாலில் வந்த அந்தக் காகிதம் மலையாளத்தில் இருக்கிறதாம். தமிழில் எழுதிக் கொண்டுவந்து படித்துக் காட்டச் சொன்னாளாம். ஜெஸ்னா எழுதினாள். மலையாளத்தில் எழுதியபோது ஆபீஸ் வார்த்தைகள் இருந்தன, வேகமாக எழுதிவிட முடிந்தது. தமிழில் ஒவ்வொரு வரிக்கும் நின்றாள்.

கூடலூருக்குப் போனபோது மாரித்தாயைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ராமலட்சுமியும் இருந்தாள். ஜெஸ்னா நின்றபடியே படித்தாள். பஸ் ஏழு ஐம்பதுக்குத்தான் வரும் என்ற இடத்தில் ஒருத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாரித்தாய் கையமர்த்தினாள். படித்து முடித்தபோது ராமலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ படி," என்றாள் மாரித்தாய். "மெதுவாப் படி."

ஜெஸ்னா மறுபடியும் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.