மாமாவின் இடது முழங்கால்

ஷரீஃபுதீன் உதைக்கிற பந்து எந்தப் பக்கம் போகும் என்பது அவனுக்கே கடைசி நொடியில்தான் தெரியும் என்று மலாக்காவில் பேசிக்கொள்வார்கள். அவன் எந்தப் பக்கத்து ஆள் என்பதுதான் ஊருக்குப் பிடிபடவில்லை. வாப்பா ஜெய்னுலாப்தீன் நாகூரிலிருந்து வந்து காஜா பெராங்கில் மளிகைக் கடை போட்டவர். உம்மா மஜீதா தெங்கேராவில் பிறந்த மலாய்க்காரி. இந்தியர் அணியில் அவன் மலாய்க்காரி மகன். மலாய்ப் பிள்ளைகளுக்கோ 'மாமாக்', அதாவது தமிழ் முஸ்லிம், கடைப் பையன்.

முப்பத்தாறாம் வருஷம், மலாயா இந்தியர் அணி கொழும்புக்குக் கப்பலேறப் போவதாகச் செய்தி வந்தது. ஆள் பொறுக்க சிங்கப்பூரிலிருந்து ஒரு பெரியவர் வருகிறார். மலாக்காவில் ஒரே ஓர் ஆட்டம்தான் பார்ப்பார். இந்தியருக்கும் மலாய்க்காரருக்கும் நடக்கிற ஆட்டம். எதிரணிக் கோலில் நிற்பவர் ஒஸ்மான், உம்மாவின் தம்பி.

அவரை மலாய் முறையில் 'பாக் சூ' என்று கூப்பிட வாப்பா விடவில்லை. "தாய்மாமன்டா அவரு. எங்க ஊர்ல அந்த ஆளு சபையில வந்து உக்காராம ஒரு காரியம் நடக்காது" என்பார். ஒஸ்மானுக்கு அந்தப் பெருமை பிடித்துப்போயிற்று. கடையில் கேட்டுக் கேட்டுக் கற்ற தமிழில், "வாடா மருமவனே!" என்று வாய் நிறையக் கூப்பிடுவார்.

அவருடைய இடது முழங்கால் கெட்டுப்போயிருந்தது வீட்டோடு இருந்த சங்கதி. ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்த அடி. உம்மாதான் எண்ணெய் தேய்த்து நீவிவிடுவாள். விருந்துகளில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு காலையும் மடக்கிச் சம்மணம் போட்டே உட்காருவார். கோல் காக்கிறார் என்பதற்காகவே ஒரு ரப்பர்க் கிட்டங்கியில் வேலை கொடுத்திருந்தார்கள். கால் போனது தெரிந்தால் வேலையும் போகும்.

ஆட்டத்தின் முதல் பாதியில் ஒரு கோலும் விழவில்லை. ஷரீஃப் அடித்த எல்லாப் பந்தும் மாமாவின் கைக்குள்ளேயே போய் விழுந்தது. இடைவேளையில் கேப்டன் மாணிக்கவாசகம், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி, எலுமிச்சைத் துண்டைக் கடித்துத் துப்பிவிட்டு எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்:

"என்னப்பா, மாமனுக்கு நோகுமேன்னு பாத்துப் பாத்து உதைக்கிறியா? ஒரேயடியா அந்தப் பக்கமே போயிடேன். சிங்கப்பூர்க்காரர்கிட்ட நானே சொல்லிடுறேன், இவன் நம்மாளு இல்லன்னு."

சிரித்தார்கள். ஷரீஃபுக்குக் காது இரண்டும் எரிந்தன. கொழும்பு கைநழுவிப் போகிறது என்பது மட்டுமே அப்போது தெரிந்தது.

"அவரோட இடப்பக்கம் தரையோட போடுங்க. இடது முட்டி சட்டுன்னு மடங்காது. பாய முடியாது."

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் தனக்குக் கேட்டது. கேப்டன் அவன் முதுகில் தட்டினார்.

இரண்டாம் பாதியில் எல்லாரும் இடப்பக்கமே போட்டார்கள். இரண்டு கோல் விழுந்ததும் விஷயம் வேடிக்கை பார்த்த கூட்டத்துக்கும் எட்டிவிட்டது. "இடது! இடது!" என்று இந்தியர் பக்கத்தார் கத்த, அதையே மலாயில் "கீரி! கீரி!" என்று கத்திச் சீனப் பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவது பந்து ஷரீஃபின் காலுக்கே வந்தது. வேகம்கூட வேண்டியிருக்கவில்லை, உருட்டிவிட்டான். ஒஸ்மான் பந்தைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

சிங்கப்பூர்க்காரர் அன்றைக்கே ஷரீஃபுதீனின் கையைக் குலுக்கினார். அடுத்த வாரம் கிட்டங்கியில் ஒஸ்மானின் இடத்துக்கு வேறு ஆள் வந்தான்.

கப்பலேறுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, பயணம் நல்லபடி முடிய வீட்டில் பாத்திஹா ஓதல். வாப்பா, வந்தவர்களிடமெல்லாம், "மூணும் இடப்பக்கம்! மூளையுள்ள பய பாத்தீங்களா!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மகனிடம் அவள் பேசி ஒரு வாரம் ஆகியிருந்தது. மாமா வரவே கூடாது என்று ஷரீஃப் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தான். ஆனால் தாய்மாமன் வராமல் வாப்பா தொடங்கமாட்டாரே.

வந்தார். நொண்டிக்கொண்டே படியேறி வந்து, பாயில் வலது காலை மட்டும் மடக்கி, இடது காலைச் சபைக்கு நடுவே நீட்டி உட்கார்ந்தார். அந்தக் கால் அந்த வீட்டுச் சபையில் நீண்டது அதுவே முதல் தடவை. ஷரீஃபுக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

துஆ முடிந்தது. பயணம் போகிறவனுக்கு மஞ்சள் புளுட்டை, அந்த ஒட்டரிசிச் சோற்றை, மாமன்தான் ஊட்டவேண்டும். ஒஸ்மான் ஒரு பிடி எடுத்து உருட்டினார்.

"வாயத் திறடா மருமவனே. கொழும்புல கோலுக்கு யாரு நிக்கிறா?"

"தெரியாது மாமா."

"அடடா. அவன் வீட்ல சோறு தின்ன ஆளு யாராச்சும் இருந்தா விசாரிச்சுக்க. ஆட்டம் சுலபமாயிடும்."

சபை கொல்லென்று சிரித்தது. வாப்பாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அடுப்படியில் ஒரு பாத்திரம் விழுந்தது. ஷரீஃப் சோற்றை மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தான்.

மாமா மறு பிடியை உருட்டிக்கொண்டிருந்தார். அந்த மனிதரின் முகத்தில் கோபம் இருந்திருந்தால் துப்பிவிட்டு ஓடியிருப்பான். இல்லை.

"முழுங்குடா," என்றார் மெதுவாக. "பெரிய ஆட்டக்காரன்ல நீ."

நீட்டியிருந்த முழங்காலைத் தொடாதபடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, அவன் மறுபடியும் வாயைத் திறந்தான்.