விளக்குப் போட்டால் ஏறும் பெட்ரோல்

பட்டறையில் அவளுக்குப் பேர் பல்பு. வைத்தவர் அக்காவின் கணவர். எஞ்சின் அத்தானுடைய ராஜ்ஜியம். ஒயரும் விளக்கும் பேட்டரியும் அவளுடையவை. ஆறு வருஷமாகியும், உள்ளே வருகிறவர்கள் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லையாம்மா?" என்றுதான் கேட்டார்கள்.

காரைக் கயிறு கட்டி இழுத்து வந்த டாக்சிக்காரரும் அப்படியே கேட்டார். பிறகு அத்தானிடம் கொட்டித் தீர்த்தார். "வண்டி கொதிக்குதுண்ணே. சூடு காட்டுற முள்ளு சிவப்புல போய் உக்காந்துக்குது. வேற பட்டறையில ரெண்டு தடவை சென்சார் மாத்தியாச்சு. ரேடியேட்டரையும் கழுவியாச்சு."

அத்தான் கதை முடியும்முன் தீர்ப்பு எழுதிவிட்டார். "கேஸ்கெட் போயிருக்கும். எஞ்சினைப் பிரிக்கணும். பத்து நாள் ஆகும்."

"பத்து நாளா? டயாலிசிஸுக்குப் போற ஒருத்தர் என் வண்டியைத்தாண்ணே நம்பியிருக்காரு."

அவள் சாவியைத் திருப்பி எஞ்சினை ஓடவிட்டாள். இரண்டே நிமிஷத்தில் முள் சிவப்பைத் தொட்டது. இறங்கிப் போய் ரேடியேட்டர் குழாயைப் பிடித்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

"ரெண்டு நிமிஷத்துல பாலே பொங்காது அத்தான். எஞ்சின் சூடாகல. முள்ளு பொய் சொல்லுது."

"வீட்டுல கொழுந்தியா மட்டும்தான் பொய் சொல்லுவான்னு நெனச்சேன். முள்ளுமா?" அத்தான் ஸ்பேனரை எடுத்துத் துடைத்தார். "ஒரு மணி நேரம் தர்றேன் பல்பு. அப்புறம் நான் பிரிச்சிடுவேன்."

தோற்றால் கேலி ஒரு பக்கம், அது பழகிப்போனதுதான். நல்லா இருக்கிற எஞ்சினின் வயிற்றை வீணாகக் கிழிப்பார்களே, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

சென்சாரின் ஒயரைக் கழற்றினாள். முள் கீழே விழுந்தது. ஒயரை எஞ்சின் உடம்பில் தொட்டாள், உச்சிக்குப் போனது. ஒயர் சரி. சென்சாரை மீட்டர் வைத்து அளந்தாள், அதுவும் சரி. எல்லாம் சரியாக இருந்தது, முள் மட்டும் சிவப்பில் நின்றது. நாற்பது நிமிஷம் ஓடிவிட்டது.

டாக்சிக்காரர் அருகில் வந்து புலம்பினார். "எவ்வளவு ராசியான வண்டி தெரியுமா தங்கச்சி? லைட் போட்டா பெட்ரோல் ஏறும்."

"என்ன சொன்னீங்க?"

"சிரிக்காத. ஹெட்லைட் போட்டா பெட்ரோல் முள்ளு ஒரு கோடு மேல போகும். சிக்கனமான வண்டின்னு பொண்டாட்டிகிட்ட எவ்வளவு பீத்தியிருக்கேன்!"

அவள் சிரிக்கவில்லை. ஹெட்லைட்டைப் போட்டாள். பெட்ரோல் முள்ளும், சிவப்பில் நின்ற சூட்டு முள்ளும் ஜோடியாக இன்னும் மேலே எழுந்தன. எஞ்சினில் இருக்கும் சென்சாருக்கும் பெட்ரோல் டாங்கிக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு முள்ளுக்கும், ஹெட்லைட்டோடு எரியும் மீட்டர் பெட்டி விளக்குக்கும் பொதுவானது, அந்தப் பெட்டியின் பின்னால் ஓடும் எர்த் ஒயர் ஒன்றுதான்.

டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து மல்லாந்தாள். மழைத்தண்ணீர் கசிந்து கசிந்து, எர்த் ஒயரைப் பிடித்திருந்த போல்ட்டில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. தனியாக ஒரு ஒயரை மீட்டர் பெட்டியிலிருந்து கதவுச் சட்டத்துக்குக் கொடுத்தாள். இரண்டு முள்ளும் ஒன்றாகச் சரிந்தன. போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி, இறுக்கிவிட்டு வெளியே வந்தபோது அவள் தலைமுடியெல்லாம் தூசி.

ஸ்பேனரோடு வந்த அத்தானிடம் வெப்பமானியை நீட்டினாள். எஞ்சின் கால் மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. தொண்ணூறு டிகிரி; முள் நட்டநடுவில். ஹெட்லைட்டைப் போட்டாள், அசையவில்லை. அத்தான் நம்பாமல் மூன்று இடத்தில் அளந்தார். பிறகு ஸ்பேனரைப் பெட்டியில் போட்டு மூடினார்.

டாக்சிக்காரர் கேட்டார். "அப்ப இனிமே பெட்ரோல் ஏறாதா தங்கச்சி?"

"ஊத்தினா ஏறும்."

டாக்சி போன பிறகு, பின்கட்டிலிருந்து அத்தானின் குரல் கேட்டது. சென்சார் மாற்றிய பட்டறைக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "ரெண்டு தடவை மாத்தினியாமே? எங்க மெக்கானிக் முள்ளைப் பாத்ததும் சொல்லிட்டா, எர்த்துதான்னு. ஆமாய்யா, பாத்ததும்! வேற யாரு? என் கொழுந்தியாதான்."

பாத்ததும் சொல்லவில்லை, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. போய்த் திருத்தலாமா என்று யோசித்தாள். பிறகு, கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, குரல் இன்னும் நன்றாகக் கேட்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.