அறுநூறு தபால்கார ஆடுகள்

டிரேவர் ஒரு பொய்யன் என்பதை நிரூபிக்க நான் அறுநூறு ஆடு வரைந்தேன்.

எங்கள் கூட்டத்தின் சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும், காக்ஸ் டவுனில் டிரேவர் வீட்டு ஹாலில் கூடுவோம். யாருக்கும் தெரியாத பழைய கார்ட்டூன் ஒன்றை எங்கிருந்தாவது தோண்டியெடுத்து ஒருவர் கொண்டுவர வேண்டும். புரொஜெக்டர் ஓட ஆரம்பித்ததும், மற்றவர்களில் யாராவது அதை ஏற்கெனவே பார்த்திருந்தால் "பாத்தாச்சு!" என்று கத்தலாம். கத்திவிட்டால் போச்சு. கொண்டுவந்த ஆள் சமையலறைக்குப் போய் எல்லோருக்கும் டீ போட வேண்டும். மற்றவர்கள் சாவகாசமாக உட்கார்ந்து படம் பார்ப்பார்கள்.

பதினொரு தடவை நான் படம் கொண்டுபோனேன். பதினொரு தடவையும் டீ போட்டேன். பல் டாக்டர் வீணா தப்பித்திருக்கிறாள். தொம்மலூரிலிருந்து வரும் இளங்கோவன், ரிட்டயர்டு பஸ் கண்டக்டர், அவர்கூட இரண்டு தடவை தப்பித்திருக்கிறார். நான் மட்டும் இஞ்சி தட்டிக்கொண்டே ஹாலில் அவர்கள் சிரிப்பதைக் காதால் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் கொண்டுவந்த படத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்களின் முகத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வயிறு எரியுமா எரியாதா?

ஒவ்வொரு தடவையும் கத்தியது டிரேவர்தான்.

"பத்தே நொடியில கத்தறான்! உலகத்துல இருக்கிற எல்லாக் கார்ட்டூனையும் ஒருத்தன் பாத்திருக்க முடியுமா? புளுகன்! டீக்காகப் புளுகறான்!" என்று பதினோராவது தடவை வீட்டுக்கு வந்து குதித்தேன். எங்கள் வீடு ஆஸ்டின் டவுனில். அன்று தெருவுக்கே கேட்டிருக்கும்.

"அப்போ யாருமே பாக்காத ஒண்ணக் கொண்டு போங்க," என்றாள் என் மனைவி லீனா, கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே.

யாருமே பார்க்காத கார்ட்டூனுக்கு எங்கே போவது? அதை நான்தான் வரைய வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் ஒரு தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேனாக நட்டும் போல்ட்டும் வரைந்த கை இது, ஒரு ஆடு வரையாதா? நொடிக்கு ஆறு படம், நூறு நொடி, மொத்தம் அறுநூறு படம். நான்கு மாதம் டைனிங் டேபிள் முழுக்க டிரேசிங் பேப்பர். தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

கதை இதுதான். தபால்காரர் ஒரு ஆடு. பசி தாங்காமல் கடிதத்தைத் தின்றுவிடும். வேலை போய்விடுமே என்று பயந்து, கடிதத்தில் இருந்ததை வாசலில் நின்று நடித்துக் காட்டும். காதல் கடிதத்தைத் தின்றுவிட்டு ஒரு குண்டு அம்மாள் முன்னால் மண்டியிடும். மாமியார் எழுதியதைத் தின்றுவிட்டுத் திட்ட ஆரம்பித்து, நிறுத்தத் தெரியாமல் தவிக்கும்.

கோபத்தில் இன்னொரு வேலையும் செய்தேன். ஆட்டுக்கு டிரேவரின் குறுந்தாடியை வைத்தேன். அவன் பேசுவதற்கு முன்னால் ஆள்காட்டி விரலைத் தூக்குவான். ஆடும் முன்னங்காலைத் தூக்கும்.

லீனா பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். ஒவ்வொரு படத்தையும் மொபைலில் எடுத்து, கோத்து, பழைய படம் மாதிரித் தெரியக் கோடு கிழித்து, வெளுக்க வைத்தாள். சர்ச்சில் வாசிக்கிற கீபோர்டிலேயே பின்னணி இசை போட்டாள். பழைய ஃபிலிமின் படபட சத்தத்துக்கு என்ன செய்வது என்று யோசித்து, கடாயில் கடுகு தாளித்து ரெக்கார்டு பண்ணினாள். அன்றைக்கு ரசம் பிரமாதம்.

அந்த ஞாயிறு படத்தைப் பென் டிரைவிலும், வரைந்த தாள்களை ஒரு பையிலும் எடுத்துக்கொண்டு போனோம். பையை என் நாற்காலிக்கு அடியில் தள்ளினேன். கத்தட்டும், கையும் களவுமாகப் பிடிக்கிறேன்.

"பல்கேரியா. ஐம்பத்தெட்டுல எடுத்தது," என்று வாய் கூசாமல் சொல்லி ஓடவிட்டேன்.

ஐந்து நொடி. பத்து நொடி. டிரேவர் விரலைத் தூக்கினான். வாடா ராசா, வா! ஆனால் அவன் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு நாற்காலி நுனிக்கு நகர்ந்தான், அவ்வளவுதான். இருபது நொடி. ஆடு கடிதத்தைத் தின்றது. முப்பது. ஆடு மண்டியிட்டது. டிரேவரின் தொண்டையிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அப்புறம் அவன் வெடித்துச் சிரித்தான்.

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு! தரையைக் காலால் உதைக்கிறான், தலையணையைக் கட்டிக்கொள்கிறான், கண்ணில் தண்ணீர் ஊற்றுகிறது. வீணா ஆட்டைப் பார்த்தாள், டிரேவரைப் பார்த்தாள், துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள். "ஸ்வல்ப, கொஞ்சம் நிறுத்துங்கப்பா, மூச்சு முட்டுது!" என்று இளங்கோவன் நாற்காலியிலிருந்து சரிந்தார். நான் முகம் முகமாகப் பார்த்தேன். கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. நான் வரைந்த ஆட்டுக்கு நானே விழுந்து விழுந்து சிரித்தேன்.

"மறுபடி போடு!" என்றான் டிரேவர். போட்டேன். "இன்னொரு தடவ!" அதுவும் போட்டேன்.

மூன்றாவது தடவை முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "டேய் கிளெமென்ட், பதினொரு தடவ 'பாத்தாச்சு'ன்னு கத்தினேனே, ஒவ்வொரு தடவையும் எனக்கு எவ்ளோ கஷ்டமா இருக்கும் தெரியுமா? இவனாவது புதுசா ஒண்ணு கொண்டு வருவான்னு பாப்பேன். அதுவும் பாத்ததா இருக்கும். ஒரு கார்ட்டூன மொத மொதல்ல பாக்கறது எப்படி இருக்கும்னே மறந்துட்டேன்டா."

இவனையா புளுகன் என்றேன்? எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"இத வரைஞ்ச ஆளு உயிரோட இருக்காரா? இருந்தா அட்ரஸ் குடு. ஒரு லெட்டர் போடணும்," என்றான்.

லீனா என் விலாவில் இடித்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் ஜெயித்த மாதிரிதான், டீ கிடையாது. ஆனால் இவன் இல்லாத பல்கேரியாக்காரனுக்கு வருஷக்கணக்கில் அட்ரஸ் தேடுவான். எழுந்து நின்றேன்.

"பாத்தாச்சு!" என்று கத்தினேன்.

"கொண்டு வந்தவங்க கத்தக் கூடாது. ரூல் இருக்கு," என்றார் இளங்கோவன். கண்டக்டர் புத்தி போகுமா?

"ரூல் தெரியும் சார். ஆனா இத நான் ஒவ்வொண்ணா அறுநூறு தடவ பாத்துட்டேன்." பையைத் தரையில் கவிழ்த்தேன். ஆடுகள் ஹால் முழுக்கச் சரிந்து பரவின.

டிரேவர் குனிந்து ஒரு தாளை எடுத்தான். இன்னொன்றை எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அவன் கை மெதுவாகத் தன் தாடிக்குப் போனது. நான் சமையலறைக்கு ஓடிவிட்டேன்.

தண்ணீர் வைத்தேன், இஞ்சி தட்டினேன். ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. ஏசப்பா, போச்சு, முப்பது வருஷ சிநேகிதம் ஒரு தாடியில் போச்சு. திரும்பினால் வாசலில் டிரேவர், கையில் ஒரு ஆடு. விரலைத் தூக்கினான்.

"இந்தத் தாடி..."

"அது வந்து டிரேவர், கோவத்துல..."

"என்னுது இவ்ளோ அழகா இருக்காதுடா," என்றான். உள்ளே வந்து அடுப்பை அணைத்தான். "டீ கெடக்குது, வா. நாலாவது தடவ போடப் போறோம். நீ இல்லாம போட மாட்டோம்."