ஓரத்தில் மட்டும் இருபது அடுக்கு

கட்டிய புருஷன் உயிரைத் தூக்கி அண்ணன் கையில் கொடுத்தவள் அவளேதான். வேறு யாரை நோவது?

புருஷனுக்குப் பணவண்டியில் காவல் வேலை. பழைய இரும்புத் தகட்டை மார்பில் சுமந்து, தோள் வலிக்குத் தைலம் தேய்த்தே பொழுதைப் போக்குவான். அண்ணன் குண்டு துளைக்காத கவசம் செய்யும் பட்டறை வைத்திருந்தான். அவள் அங்கே உறை தைப்பவள். ஒருநாள் அண்ணன் பட்டறைச் சுவரில் இரும்பையும், இழைத்துணியை அடுக்கடுக்காய்ப் பசையிட்டு அழுத்திய பலகையையும் மாட்டி, இரண்டையும் துப்பாக்கியால் சுட்டுக் காட்டினான். இரும்பில் பட்ட குண்டு சிதறித் தெறித்தது. அடுக்குப் பலகை குண்டை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தது. எடையும் பாதிதான்.

"எங்கண்ணன் செஞ்சது, கண்ண மூடிக்கிட்டுப் போடுங்க" என்று புருஷனுக்கு மாட்டிவிட்டவள் அவள்தான்.

இன்று காலை அந்தக் கவசத்தின் உறை கிழிந்துவிட்டது. பட்டறையிலிருந்து புதுக் கவசம் ஒன்றைக் கொடுத்து அவனை வேலைக்கு அனுப்பிவிட்டு, பழையதைத் தைக்க உட்கார்ந்தாள். ஓரத்தில் நகத்தை ஓட்டி அடுக்கை எண்ணுவது அங்கே வழக்கம். வாங்க வருகிறவர்களும் அப்படித்தான் எண்ணுவார்கள். இருக்கவேண்டிய இருபதும் இருந்தன. ஆனால் நடுவில் கை பட்டதும் பலகை தேய்ந்த செருப்பாய் வளைந்தது. கத்தியால் கீறினாள். ஓரத்தைச் சுற்றி மட்டும் இருபது. நெஞ்சுக்கு நேரே ஆறு அடுக்கும் ஸ்பாஞ்சும்.

கொண்டுபோய் அண்ணன் மேசையில் போட்டாள். "இது என்னண்ணே?"

அவன் தலையைச் சொறிந்தான். "சோதனைக்குப் போறது வேற, விக்கிறது வேறம்மா. யாரு நிஜமா சுடப்போறாங்க?"

"இன்னிக்கு அவருக்குக் கொடுத்ததுமா?"

"அவருக்கு மட்டும் தனியா செஞ்சா ஆளுங்களுக்குச் சந்தேகம் வரும்ல."

அடப்பாவி. சின்ன வயதில் மழை வந்தால் தன் சட்டையைக் கழற்றி அவள் தலையில் போர்த்தியவன் இவன். கூடப் பிறந்தவனே கழுத்தறுத்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அடுக்கிவைத்திருந்த கவசங்களில் ஒன்றை உருவி நீட்டினாள்.

"இதப் போட்டுக்கிட்டு அந்தச் சுவர்கிட்ட நில்லுண்ணே. யாரும் சுடமாட்டாங்க. சும்மா நில்லு."

அவன் கை நீளவில்லை.

அவள் போனை எடுத்தாள். மறுமுனையில் வண்டிச் சத்தம். "உடனே இறங்கிடுங்க. வேலை போனாப் போகட்டும்."

"ஏன்டி, என்னாச்சு?"

அவள் அண்ணனைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீங்க போட்டிருக்கிறது எங்கண்ணன் செஞ்சதுங்க."