நாலு கட்டத்தில் இரண்டு முகம்

மத்தியான வெயில் கண்ணாடிக் கதவு வழியாக வந்து கணினித் திரையின் மேல் படுத்துக்கொள்ளும் நேரத்தில், புகைப்படங்களை வண்ணச் சித்திரமாக்கித் தரும் அந்தக் கடையில் யாருக்கும் தன் உண்மையான நிறம் நினைவிருக்காது. வருகிறவர்கள் கறுப்பாகவோ சிவப்பாகவோ மாநிறமாகவோ வருவார்கள். போகும்போது ஊதா முகமும் ஆரஞ்சுத் தலைமுடியுமாக, சட்டம் போட்டுக் கையில் வாங்கிக்கொண்டு போவார்கள். காசு கொடுத்துத் தன்னை அடையாளம் தெரியாமல் ஆக்கிக்கொள்வதில் மனிதர்களுக்கு இருக்கிற ஆசையைச் சொல்லி முடியாது.

அந்த முகங்களைச் செய்கிறவளுக்கு வீட்டில் பெயர் வலது. இரட்டைப் பிறவி. இவளுக்கு வலது கன்னத்தில் மச்சம். கூடப் பிறந்தவளுக்கு அச்சு அசலாக அதே இடத்தில், இடது கன்னத்தில். மற்றபடி ஒரு முடிகூட வித்தியாசம் கிடையாது. பெற்றவளுக்கே குழப்பம். முகவாயைப் பிடித்துத் திருப்பி, மச்சத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சோறு ஊட்டுவாள். "யாரு, வலதா, இடதா?" என்று அவள் கேட்டுக் கேட்டே இரண்டும் பெயராக ஒட்டிக்கொண்டன.

அம்மா போய்ச் சேர்ந்த சில மாதங்களில் இடது ஒரு தோல் மருத்துவரிடம் போய்த் தன் மச்சத்தை எடுத்துவிட்டாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறர் சொல்லித் தெரிந்தபோது வலதுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அம்மா தொட்டுப் பாத்த இடத்தையே வேணாம்னு வெட்டிப் போட்டவ, நாளைக்கு என்னையும் வெட்டிப் போட மாட்டேன்னு என்ன நிச்சயம்?" என்று போனில் கத்தினாள். அதோடு பேச்சு நின்றது. மூன்று வருஷம் ஓடிவிட்டது. யார் முதலில் பேசுவது என்கிற வீம்பில், இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதை நன்றாகவே நிரூபித்தார்கள். ஆனால் தங்கை வராத வீட்டில் வலதுக்கு எதைத் தின்றாலும் ருசிக்கவில்லை. அதுதான் உண்மை.

ஒரு நாள் முதலாளி வந்து நின்றார். "ஏம்மா, வாசல்ல மாட்டியிருக்கிற சாம்பிள் படம் வெயில்ல வெளுத்துப் போச்சு. புதுசா ஒண்ணு போடு. உன் மூஞ்சியே போதும், அதுக்கென்ன குறைச்சல்!"

"வர்ற நாலு பேரும் ஓடிடுவாங்க சார்."

"ஓடட்டும். எந்தக் கடையைப் பாத்து ஓடினோம்னாவது ஊர்ல சொல்வாங்கல்ல."

தன்னைத் தானே படம் எடுத்துத் திரையில் ஏற்றினாள். பின்னணியை வெட்டி நீக்கினாள். கறுப்பையும் வெள்ளையையும் பிரிக்கிற அளவை இப்படியும் அப்படியும் நகர்த்த, முகம் கரைவதும் கூடுவதுமாக இருந்தது. ஒரு இழுப்பில் மூக்கே காணோம். இன்னொரு இழுப்பில் கன்னம் முழுக்க இருட்டு. மச்சம் மட்டும் தெளிவாக நிற்கிற இடத்தில் கையை எடுத்தாள். பிறகு கறுப்புக் கோடுகளுக்கு அடியில் ஒவ்வொரு நிறமாக, தனித்தனி அடுக்காக, ஊற்றிக்கொண்டே போனாள். மஞ்சள் முகம், இளஞ்சிவப்பு முடி, நீல உதடு. மேலே புள்ளி புள்ளியாக ஒரு திரை. மின்விசிறிச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. புள்ளிகளின் நடுவே தானும் மிதப்பதுபோல, தூக்கமும் விழிப்பும் இல்லாத ஒரு சுகத்தில் அவள் கை தானாக வேலை செய்தது.

அந்தக் கைதான் காலை வாரியது. ஒரே முகத்தை நாலு கட்டமாகப் போட்டால் இரண்டை இடம் வலமாகத் திருப்பிவிடுவது அந்தக் கடை வழக்கம். முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டால் படம் எடுப்பாக இருக்கும். மச்சமோ, சட்டையில் எழுத்தோ இருந்தால் மட்டும் திருப்பக் கூடாது. வாடிக்கையாளர் முகமாக இருந்தால் அதைக் கவனித்திருப்பாள். இது தன் முகம்; பழக்கத்தில் திருப்பிவிட்டாள். திருப்பிய முகத்தைத்தான் தினமும் கண்ணாடியில் பார்க்கிறாள். எப்படிக் கண்ணை உறுத்தும்?

பெரிதாக அச்சிட்டு வாசலில் மாட்டியபின், தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தாள். கால் அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு கட்டத்தில் அவள். மற்ற இரண்டில் இடது. மஞ்சள் முகமும் நீல உதடுமாக, மச்சம் வைத்த அந்தப் பழைய இடது, அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாற்றிவிடலாம். மனசு கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் தினமும் காலையில் அந்த இரண்டு கட்டத்தின் முன்னால் மட்டும் கொஞ்சம் அதிகநேரம் நின்றாள். "சாப்பிட்டியாடி?" என்று ஒரு நாள் கேட்டும்விட்டாள். பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்க்க, அசடு வழிந்துகொண்டு உள்ளே ஓடினாள்.

பிறகு ஒரு மத்தியானம் கதவைத் தள்ளிக்கொண்டு நிஜ இடதே வந்தாள். முதலாளி அவளையும் இவளையும் மாறி மாறிப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"என் மூஞ்சி எதுக்கு வாசல்ல தொங்குது?" என்றாள் இடது.

"நான்தான்டி அது. திருப்பிப் போட்டது."

"பஸ்ல போறப்பவே தெரிஞ்சுது. என்னை எனக்கா தெரியாது?"

"கை தவறிடுச்சு." வலது வாசல் பக்கம் பார்த்தாள். "அப்புறம் மாத்த மனசு வரலை. உன்னைப் பாத்துக்கிட்டே இருக்கலாம்னு தோணுச்சு."

இடது திரைக்கு முன்னால் வந்து நின்றாள். யாரோ ஒரு பெண்ணின் படம் பாதி வேலையில் இருந்தது. பக்கத்திலேயே அவளுடைய அசல் படம். "இந்தப் பொண்ணுக்கு இங்க என்னமோ இருந்திருக்கே, இதுல எங்க?"

"மச்சம். வேணாம்னு சொன்னாங்க, எடுத்துட்டேன்."

"ஏன் வேணாம்னு கேட்டியா?"

"நான் எதுக்குக் கேக்கணும்? அவங்க மூஞ்சி, அவங்க இஷ்டம்."

சொல்லி முடித்த பிறகுதான் வலதுக்குத் தன் காதில் தன் வார்த்தை விழுந்தது. இடது சிரிக்கவில்லை, குத்திக்காட்டவுமில்லை. "அம்மா போனப்புறம், கண்ணாடியில அதைப் பாக்கிறப்பெல்லாம் யாரோ விரல் வச்சுத் தொடுற மாதிரியே இருந்துச்சு" என்றாள். "தூங்க முடியலைடி. உங்கிட்ட சொன்னா நீ அழுவே. அதான் சொல்லலை."

வலது நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தாள். வாசல் படத்தைத் திரையில் திறந்தாள். திருப்பிப் போட்ட முகங்களில் அந்த மச்சத்தின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள். கொஞ்சம் தயங்கினாள். ஒரு சொடுக்கு. போய்விட்டது. அடுத்த கட்டத்திலும் ஒரு சொடுக்கு. கன்னம் வழவழவென்று, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் கன்னம் மாதிரியே ஆனது.

திரையில் போன மாதிரி தோலில் போயிருக்காது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பித் தங்கையின் கன்னத்தில் விரல் வைத்தாள்.

"அன்னிக்கு வலிச்சுதாடி?"

இடது அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"கூட யாருமே வரலை" என்றாள். "ரொம்ப வலிச்சுது."