அம்பலகாரர் கண்ட கனவு

குடுமியான்மலைக்குத் தெற்கே இருந்த அந்த ஊருக்கு மலையாண்டிதான் அம்பலகாரர். ஐம்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் சுற்றுவட்டாரமெல்லாம் வாந்திபேதி பரவியது. ஹெல்த் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து, பதினைந்து நாளைக்கு யாரும் வெளியூர் போகக் கூடாது, வெளியாளை உள்ளே விடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரே பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டியது. அடுத்த சந்தைக்கே அன்னவாசலுக்கு வண்டி கட்டிவிட்டது. சர்க்கார் பேச்சுக்கு நம் ஜனம் கொடுக்கிற மரியாதை அவ்வளவுதான்.

மலையாண்டி யோசித்தார். மறுநாள் காலையில் மாரியம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டினார்.

"ஆத்தா கனவுல வந்தா. காப்புக் கட்டச் சொன்னா. அவுக்குற வரைக்கும் ஒருத்தரும் எல்லையத் தாண்டக் கூடாதாம்."

கனவாவது ஒன்றாவது! முழுப் பொய். பூசாரி வீரய்யா அன்றைக்கே எல்லையில் வேப்பிலைக் கயிறு கட்டினார். அதன் பிறகு ஒரு குஞ்சு குளுவான்கூட வெளியே போகவில்லை.

பத்தாம் நாள், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மலையாண்டியின் மகள் செவந்திக்கு வலி கண்டது. "புள்ள குறுக்கால கெடக்குங்க. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். மகளையும் மனைவி அமராவதியையும் ஏற்றிக்கொண்டு உச்சி வெயிலில் வண்டியை விரட்டினார். கயிற்றுக்கு முன்னால் ஊரே திரண்டு நின்றது.

"ஆத்தா வாக்க மீறுனா ஊரு தாங்காதுங்க" என்று வீரய்யா காளைகளின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"அது பொய்யிய்யா! கனவே வரலை. ஒங்களக் கட்டிப்போட நானாச் சொன்னது!"

ஒருவரும் நம்பவில்லை. "பெத்த பாசம் அப்படிப் பேச வைக்குது" என்று பங்காளி ராக்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்தாரே தவிர வழி விடவில்லை. பொழுது சாய்வதற்குள் செவந்தி போய்விட்டாள், வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டது. புருஷன்காரனுக்கு முகம் காட்டக்கூட வழியில்லாமல் எல்லைக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

காப்பு அவிழ்த்த அன்று இன்ஸ்பெக்டர் வந்தார். பக்கத்து ஊரில் மட்டும் இருபது பேர் செத்திருந்தார்கள்.

"இங்க வாந்திபேதியில ஒரு சாவுகூட இல்லைங்க! எப்படிச் சாதிச்சீங்க?" என்று மலையாண்டியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தெருவில் பிள்ளைகள் கூச்சல் போட்டு ஓடிக்கொண்டிருந்தன. இதில் எத்தனை மிஞ்சியிருக்காது என்று மலையாண்டிக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் மனசு ஆறவில்லை.

வீட்டில் அமராவதி சுவரோரம் சுருண்டு கிடந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணுமுங்க. கனவுல வந்த ஆத்தா, நம்ம செவந்தியப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையா?"

அன்றைக்கு வண்டியில் அவளும்தான் இருந்தாள். அவர் கத்தியதைக் கேட்டவள்தான். மலையாண்டி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லலை" என்றார்.